வாசகர் கேள்வி – பதில்: பொம்மை ரயிலுக்குக் கணினியில் பாதை வரைவது

சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் இந்த முறை நிறையக் கேள்விகள் வந்துள்ளன. பள்ளி விடுமுறை வருகிறது. ஸ்டோர் அறையில் கிடந்த ரயில் பெட்டிகள் வெளியே வந்துவிட்டன போலும். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாக்கிப் பதில் எழுதியிருக்கிறோம். வளைவின் ஆரம் என்று எங்கே சொன்னாலும் அது பாதையின் நடுக்கோடு வரையிலான அளவு.

கேள்வி: உறவினர் ஒருவர் பழைய ஹார்ன்பி ரயில் செட் கொடுத்தார். 4-க்கு 8 அடி பிளைவுட் ஒன்றும் இருக்கிறது. வீட்டில் விண்டோஸ் மடிக்கணினி. பாதை வரைய எந்த மென்பொருள் நல்லது? காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டுமா அண்ணே?
– இரண்டு பையன்களின் அப்பா, சுங்கை சிப்புட்

இப்போதைக்கு வாங்க வேண்டாம். உங்கள் பலகைக்கு இலவசப் பதிப்பே போதும். பேச வேண்டிய பெயர்கள் மூன்று. எனிரெயில் பழக மிக எளிது. ஆனால் இலவசப் பதிப்பில் 50 துண்டுக்கு மேல் வைக்க விடாது. ஸ்கார்ம் இலவசமாக 100 துண்டு வரை தரும், வரைந்ததை முப்பரிமாணத்தில் சுற்றிப் பார்க்கலாம். இவை இரண்டும் விண்டோஸுக்கு உரியவை. மூன்றாவது எக்ஸ்டிராக்கேட். திறந்த மூல மென்பொருள், முழுக்க இலவசம், துண்டுக்கு வரம்பு கிடையாது, மெக்கிலும் லினக்ஸிலும்கூட ஓடும். பழகத்தான் பொறுமை வேண்டும். உங்கள் தண்டவாளத்தின் அளவுக் கோப்பை நீங்களே தேர்ந்தெடுத்து ஏற்ற வேண்டும். ஏற்றாதவர்கள் ஹார்ன்பி துண்டு எங்கே என்று தேடிச் சலித்துப்போய் மூடிவிடுகிறார்கள். நீங்கள் ஸ்கார்மில் தொடங்குங்கள்.

கணினியைத் திறக்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. பெட்டியில் உள்ள துண்டுகளை இனம் பிரித்து எண்ணுங்கள். அடிப்பக்கத்தில் எண் தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டால் அளந்துவிடலாம். நேர்த்துண்டு 168 மி.மீ. என்றால் ஆர் 600, 335 என்றால் ஆர் 601. வளைவுகளைத் தரையில் வட்டமாகச் சேருங்கள். 8 துண்டில் வட்டம் மூடினால் ஒவ்வொன்றும் 45 பாகை. 16 ஆனால் 22.5 பாகை. பிறகு வட்டத்தின் குறுக்களவை நடுக்கோட்டிலிருந்து நடுக்கோட்டுக்கு எடுங்கள். 742 மி.மீ. வந்தால் முதல் ஆரம் (371), 876 வந்தால் இரண்டாம் ஆரம் (438), 1010 வந்தால் மூன்றாம் ஆரம் (505). பழைய செட்டில் முதல் ஆர வளைவும் இரண்டாம் ஆர வளைவும் கலந்து கிடப்பது சாதாரணம். கலந்து வைத்தால் வட்டம் முட்டையாகிவிடும், கடைசி மூட்டும் சேராது.

இனி பலகை. 4-க்கு 8 அடி என்றால் 1220-க்கு 2440 மி.மீ. மென்பொருளில் முதலில் இந்தச் செவ்வகத்தை வரைந்துவிடுங்கள். வெறும் திரையில் பாதை போட ஆரம்பித்தால், பிளைவுட் இன்னும் ஒரு அடி நீளமாக இருந்திருக்கக் கூடாதா என்று தோன்றும் இடத்தில்தான் வந்து நிற்பீர்கள். அகலத்தைப் பாருங்கள். மூன்றாம் ஆர வட்டத்துக்கு 1010, அதோடு ஸ்லீப்பர் கட்டையின் அகலம் சுமார் 30, ஆக 1040. இரு பக்கமும் 90 மி.மீ. மிஞ்சும். நான்காம் ஆரம் (572) வைத்தால் 1144-உம் 30-உம் 1174. பக்கத்துக்கு 23 மி.மீ.தான் மிச்சம். திரையில் அழகாகப் பொருந்தும். ஆனால் தடம் புரளும் என்ஜின் நேரே சிமெண்டுத் தரையில் விழும். அதனால் வெளிப்பாதை மூன்றாம் ஆரம், உள்பாதை இரண்டாம் ஆரம் என்று வையுங்கள். இரண்டுக்கும் இடையில் 67 மி.மீ. தானாக வந்துவிடும்.

நீளத்துக்குப் பக்கம் ஒன்றில் மூன்று ஆர் 601-உம் ஓர் ஆர் 600-உம்: 1173 மி.மீ. வளைவோடு சேர்த்து 2213. இரு முனையிலும் 110-க்கு மேல் இடம் இருக்கும். நான்கு ஆர் 601 வைத்தாலும் பலகைக்குள் அடங்கும், ஆனால் முனையில் 30 மி.மீ.தான் மிஞ்சும். வேண்டாம். மொத்தக் கணக்கு: பாதை ஒன்றுக்கு 45 பாகை வளைவு 8, நேர்த்துண்டு 8, இரண்டு பாதைக்கும் 32 துண்டு. எனிரெயிலின் 50-க்குள்ளேயே முடிந்துவிட்டது பாருங்கள்.

உள்பாதையிலிருந்து வெளிப்பாதைக்கு மாற இரண்டு பாயிண்ட் (பாதை இரண்டாகப் பிரியும் துண்டு) வேண்டும். பாதை ஒன்றுக்கு ஓர் ஆர் 601-ஐ எடுத்துவிட்டு, உள்பாதையில் பாயிண்டும் அடுத்து ஆர் 600-உம், வெளிப்பாதையில் ஆர் 600-உம் அடுத்து பாயிண்டும் வையுங்கள். இரண்டு பாயிண்டும் ஒரே கையாக இருக்க வேண்டும்: இரண்டும் இடது, அல்லது இரண்டும் வலது. ஜோடி என்று நினைத்து இடது ஒன்று, வலது ஒன்று வாங்கி வருகிறவர்கள்தான் அதிகம். அந்த ஜோடி இதற்கு உதவாது, பக்கப்பாதைக்குத்தான் உதவும்.

கேள்வி: ஸ்டேஷனில் ஒரு பக்கப்பாதை வரைந்தேன். இரு முனையிலும் பாயிண்ட், அதை அடுத்து 22.5 பாகை வளைவு, நடுவில் நேர்த்துண்டு. கடைசித் துண்டு சேரவில்லை. ஒன்றின் மேல் ஒன்று 5 செ.மீ. ஏறி நிற்கிறது. மென்பொருளில் கோளாறா?
– தொழில்நுட்பர், சுங்கை சிப்புட்

மென்பொருள் சரியாகத்தான் சொல்கிறது. நீங்கள் வைத்த வளைவு ஆர் 608 ஆக இருக்க வேண்டும். அதுவும் 22.5 பாகைதான், ஆனால் மூன்றாம் ஆரம். அங்கே வர வேண்டியது இரண்டாம் ஆரத்து ஆர் 606.

கணக்கைப் பார்த்தால் விளங்கும். ஹார்ன்பி சாதாரணப் பாயிண்டின் வளைந்த கால் 438 மி.மீ. ஆரத்தில் 22.5 பாகை திரும்புகிறது. அதில் ரயில் முன்னோக்கிப் போகும் தூரம் 167.6 மி.மீ.; பக்கவாட்டில் விலகுவது 33.3. அதே ஆரத்தில் எதிர்ப்பக்கம் திரும்பும் ஆர் 606-ஐ வைத்தால் இன்னொரு 167.6, இன்னொரு 33.3. கூட்டினால் நீளம் 335, விலகல் 67. நேர்த்துண்டு ஏன் 168, 335 என்று இருக்கிறது, இரட்டைப் பாதை ஏன் 67 மி.மீ. இடைவெளியில் ஓடுகிறது என்பதற்கெல்லாம் விடை இந்த ஒரு முக்கோணக் கணக்கில் இருக்கிறது. நீங்கள் வைத்த 505 மி.மீ. ஆரத் துண்டு முன்னோக்கி 193.3 மி.மீ. போகும். முனை ஒன்றுக்கு 25.7 அதிகம், இரு முனைக்கும் 51.4. உங்கள் 5 செ.மீ. அதுதான். கையில் எடுத்துப் பார்த்தால் 606-உம் 608-உம் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும்.

இன்னொரு காரணமும் அடிக்கடி வரும். பீக்கோவின் செட்டிராக் வகை ஹார்ன்பியோடு அளவுக்கு அளவு பொருந்தும். அதே கம்பெனியின் ஸ்டிரீம்லைன் பாயிண்ட் பொருந்தாது. அதன் கோணம் 12 பாகை, பாதை இடைவெளி 50 மி.மீ. மென்பொருளின் நூலகப் பட்டியலில் (துண்டுகளின் தொகுப்பு) இரண்டும் அடுத்தடுத்து இருக்கும், அவசரத்தில் மாற்றி எடுத்துவிடுவோம். ஸ்டிரீம்லைன் எடுத்தால் அதற்குப் பின் வருவது வளைத்துப் போடும் பிளெக்ஸ் தண்டவாளமாக இருக்கட்டும்.

எவ்வளவு இடைவெளியை இழுத்துச் சேர்க்கலாம் என்று வேறு இருவர் கேட்டிருக்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு மூட்டு உள்ள பாதையில் 2 மி.மீ. வரை பயமில்லை; மூட்டுக்கு மூட்டு கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்துகொள்ளும். ஆனால் முழு இடைவெளியையும் கடைசி மூட்டிலேயே தள்ளிவிடக் கூடாது. அங்கே ஒரு முறிவு விழும். முன்சக்கரம் அதில்தான் ஏறும். 5 மி.மீ. தாண்டினால் துண்டை மாற்றுங்கள். என் கேஜ் (9 மி.மீ. அகலப் பாதை) காத்தோ கம்பெனி ரயில் வைத்திருப்பவர்களுக்கு 78 முதல் 108 மி.மீ. வரை நீளும் சரிப்படுத்தும் துண்டு ஒன்று கிடைக்கிறது. அதை நேர்ப்பகுதியில் மட்டும் வையுங்கள்.

கேள்வி: ஐந்து வயது மகளுக்கு மரத் தண்டவாளம் வாங்கினோம். பாசார் மாலாமில் வாங்கிய துண்டுகளும் கலந்து கிடக்கின்றன. எப்படிப் போட்டாலும் கடைசியில் ஆண் முனையும் ஆண் முனையும் முட்டிக்கொள்கின்றன. இதற்கு மென்பொருள் உண்டா?
– ஓர் அம்மா, தோட்டத்து வீடு

உண்டு, ஆனால் உங்களுக்கு அது தேவைப்படாது அம்மா. இரண்டு விதி போதும்.

பிரியோ (மர ரயில் கம்பெனி) அளவு வளைவு ஒவ்வொன்றும் 45 பாகை. வட்டம் மூட, ஒரு பக்கம் திரும்பும் வளைவு மறுபக்கம் திரும்புவதைவிட 8 கூடுதலாக இருக்க வேண்டும். இடது 10 என்றால் வலது 2. எட்டு வடிவத்துக்கு இரண்டும் சமம். மர வளைவின் இருபுறமும் பள்ளம் இருந்தால், திருப்பிப் போட்டு இடதை வலதாக்கிக்கொள்ளலாம்.

ஆண் முனைச் சிக்கல் பிரிபாதைத் துண்டால் வருவது. சாதாரணத் துண்டில் ஒரு முனை ஆண், ஒரு முனை பெண். பிரிபாதையில் மூன்று முனை. இரண்டு ஆண் ஒரு பெண், அல்லது இரண்டு பெண் ஓர் ஆண். எந்த முனையும் சும்மா நிற்காமல் முழுதும் மூடிய பாதை வேண்டுமானால், இந்த இரண்டு வகையும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும். உங்களிடம் எல்லாமே ஒரே வகையாக இருந்தால் உலகத்தில் யாராலும் மூட முடியாது. இரு முனையும் பெண்ணாக உள்ள சிறு இணைப்புத் துண்டு ஒன்று வாங்கினால் தீர்ந்தது. பெரிய வளைவின் ஆரம் 182 மி.மீ., சின்னது 90. நீளமான பேட்டரி என்ஜின் சின்ன வளைவில் சிக்கும், அதை ஓரங்கட்டிவிடுங்கள்.

லேகோ ரயில் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வரி: புளூபிரிக் இலவசம், விண்டோஸில் ஓடும். சாதாரண வளைவு 22.5 பாகை, 16 துண்டில் வட்டம், வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு 70.4 செ.மீ.

கேள்வி: வட்டப் பாதையின் உள்ளே குறுக்காக ஓர் இணைப்புப் போட்டேன். கணினியில் எல்லாத் துண்டும் சேர்கிறது, பச்சைக்கொடிதான். நிஜத்தில் பாயிண்டைத் திருப்பியதும் கண்ட்ரோலரின் சிவப்பு விளக்கு எரிகிறது, ரயில் நின்றுவிடுகிறது. எங்கே தவறு?
– படிவம் 5 மாணவர்

தம்பி, உங்கள் குறுக்குப் பாதை ரயிலைத் தலைகீழாகத் திருப்பி, வந்த பாதைக்கே அனுப்புகிறது. அப்படித் திரும்பும்போது இடது தண்டவாளம் போய் வலது தண்டவாளத்தைத் தொடுகிறது. இரண்டு தண்டவாளத்திலும் மின்சாரம் ஓடும் முறையில் அது நேர் ஷார்ட். பாதை வரையும் மென்பொருள் வடிவத்தைத்தான் பார்க்கும், மின்சாரத்தைப் பார்க்காது.

கண்டுபிடிக்க எளிய வழி, வரைபடத்தை அச்சிட்டு ஒரு தண்டவாளத்தை மட்டும் சிவப்புப் பென்சிலால் தொடர்ந்து கோடு போட்டுப் போவது. பாயிண்ட் வந்தால் இரண்டு வழியிலும் போங்கள். எங்காவது சிவப்புக் கோடு எதிர்த் தண்டவாளத்தில் வந்து முடிந்தால் அங்கே சிக்கல். எட்டு வடிவத்தில் இது வராது. முடிச்சுப் போலச் சுழன்று திரும்பும் பாதையிலும், முக்கோணச் சந்திப்பிலும், உங்களுடையதைப் போல வட்டத்தின் குறுக்கே போகும் பாதையிலும் கட்டாயம் வரும். குறுக்குப் பாதைதான் இவற்றில் பொல்லாதது. பார்த்தால் திருப்பிவிடும் பாதையாகவே தெரியாது.

சரிசெய்ய, குறுக்குப் பாதையின் இரு முனையிலும், இரண்டு தண்டவாளத்திலும் உலோக இணைப்பியை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் இணைப்பி போடுங்கள். மொத்தம் 4. மூன்று போட்டுவிட்டு ஏன் இன்னும் ஷார்ட் ஆகிறது என்று கேட்காதீர்கள். இடையில் உள்ள பகுதி உங்கள் மிக நீளமான ரயிலைவிட நீளமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முன்சக்கரம் ஒரு முனையையும் பின்சக்கரம் மறுமுனையையும் ஒரே நேரத்தில் இணைத்துவிடும். இந்த நீளத்தை வரையும்போதே அளந்து பாருங்கள். பலகையில் ஆணி அடித்தபின் நீட்ட முடியாது.

சாதாரண நேர்மின் கண்ட்ரோலர் என்றால், அந்தப் பகுதிக்குத் தனியாக ஒரு டிபிடிடி சுவிட்சு (துருவத்தை மாற்றிப்போடும் இருவழிச் சுவிட்சு). ரயில் முழுதும் உள்ளே வந்தபின் நிறுத்தி, வெளிப்பாதையின் திசையை மாற்றிவிட்டு, பிறகு ஓட்டுங்கள். டிசிசி (டிஜிட்டல் கட்டுப்பாட்டு முறை) என்றால் தானாகத் துருவம் மாற்றும் சிறு கருவி ஒன்று போதும், ரயில் நிற்காமல் போகும். மார்க்லின் மூன்று தண்டவாள முறையில் இந்தத் தொல்லை இல்லை. பேட்டரி ரயிலுக்கும் இல்லை.

கேள்வி: பாதை ஒன்றின் மேல் ஒன்று பாலத்தில் போக வேண்டும் என்று ஆசை. ஸ்கார்மின் முப்பரிமாணக் காட்சியில் ஜோராக இருக்கிறது. 4-க்கு 8 அடியில் முடியுமா?
– செம்பனை ஆலை ஊழியர்

வரையலாம். ரயில் ஏறுமா என்பதுதான் கேள்வி. ஓஓ அளவில் (ஹார்ன்பி ரயிலின் அளவு, 1:76) கீழ்ப்பாதைத் தண்டவாளத்தின் மேலிருந்து மேல்பாதைத் தண்டவாளத்தின் மேல் வரை 75 மி.மீ. வைத்துக்கொள்வோம், பாலத்தின் தடிப்பும் இதில் அடக்கம். நூற்றுக்கு மூன்று சரிவில் 75 மி.மீ. ஏற 2.5 மீட்டர் வேண்டும், இறங்க இன்னொரு 2.5 மீட்டர். முதல் பதிலில் சொன்ன இரண்டாம் ஆரப் பாதையின் முழுச் சுற்றளவே 5.1 மீட்டர்தான். அதாவது ரயில் எப்போதும் ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ இருக்கும். ஸ்டேஷன் வைக்கச் சமதளம் கிடைக்காது.

அவசரப்படுகிறவர்கள் சரிவை நூற்றுக்கு ஐந்து, ஆறு என்று ஏற்றிவிடுவார்கள். மென்பொருள் தடுக்காது, சரிவு எண்ணை மட்டும் காட்டும். அந்த எண்ணைப் பாருங்கள். நேர்ப்பாதையில் நூற்றுக்கு மூன்று ஏறும் என்ஜின், இரண்டாம் ஆர வளைவில் அதே சரிவில் திணறும். வளைவின் உராய்வு தனிச் சுமை. சமதளமும் சரிவும் சேரும் இடத்தை ஒரே மூட்டில் ஒடிக்காதீர்கள். முதல் 300 மி.மீ.க்குப் பாதிச் சரிவு கொடுங்கள். ஒடிந்த இடத்தில் கொக்கி ஒன்று மேலே, ஒன்று கீழே போய்க் கழன்றுகொள்ளும். பெட்டிகள் பின்னாலேயே உருண்டு போகும்.

எங்கள் யோசனை: மேல்பாதையை முழுதும் ஏற்றாமல், கீழ்ப்பாதையைப் பாதி இறக்குங்கள். பிளைவுட்டை வெட்டிக் கீழ்ப்பாதையை 35 மி.மீ. இறக்கினால் மேல்பாதை 40 ஏறினால் போதும். ஒரே நேரத்தில் ஒன்று ஏறி ஒன்று இறங்குவதால், தேவைப்படும் தூரம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். மரவேலை கூடும் என்பது உண்மைதான்.

கேள்வி: முழு அளவில் அச்சிட்டுப் பலகையில் ஒட்டினேன். துண்டுகளை மேலே வைத்தால் பொருந்தவில்லை. ஏன்?
– அலுவலகக் கிராணி

அச்சுப்பொறி சுருக்கிவிட்டது. அச்சிடும் பெட்டியில் 'தாளுக்குப் பொருத்து' என்ற தேர்வு தானாகவே இருக்கும். அது ஓரத்துக்கு இடம் விட்டுச் சில விழுக்காடு குறைத்துவிடும். 3% குறைந்தாலே 8 அடியில் 73 மி.மீ. போய்விடும். 'உண்மை அளவு' அல்லது 100% என்பதைத் தேர்ந்தெடுங்கள். முதல் தாளில் சரியாக 100 மி.மீ. கோடு ஒன்று வரைந்து அச்சிட்டு, இரும்பு அளவுகோலால் அளந்த பிறகே மற்றத் தாள்களை அனுப்புங்கள்.

4-க்கு 8 அடி முழுவதையும் ஏ4 தாளில் எடுக்க, ஓரம் போக 7-க்கு 9, ஆக 63 தாள். ஒட்டும்போது தாளுக்கு அரை மி.மீ. பிசகினாலும் கடைசியில் கணக்குத் தப்பும். நம் ஊர் ஈரத்தில் தாளும் கொஞ்சம் விரியும். ஆகவே பாயிண்ட் உள்ள இடங்களையும் வளைவு தொடங்கும் இடங்களையும் மட்டும் அச்சிடுங்கள். பலகையில் முதலில் நீளவாக்கில் ஒரு நடுக்கோடு, குறுக்கே 300 மி.மீ.க்கு ஒரு கோடு என்று பென்சிலால் போட்டு, மென்பொருளிலும் அதே கோடுகளை வரைந்துவிட்டால், ஒவ்வொரு தாளையும் தனித்தனியே கோட்டோடு கோடு பொருத்தி ஒட்டலாம். ஒரு தாளின் பிழை அடுத்ததற்குப் போகாது. போட்டோஸ்டேட் கடையில் பெரிய தாளில் எடுப்பதானால், கோப்பைக் கொடுக்கும்போதே சுருக்கக் கூடாது என்று சொல்லி, அங்கேயே அளந்து பாருங்கள்.

கேள்வி: தோட்டத்துச் சின்ன ரயில் பாதையை 2-க்கு 4 அடிப் பலகையில் செய்ய வேண்டும். செம்பனைக் குலை ஏற்றிய வண்டிகள், சின்ன டீசல் என்ஜின், ஆலை. எந்த நூலகத்தில் துண்டு தேடுவது?
– ஓய்வுபெற்ற மண்டோர்

ஐயா, இந்த இதழுக்கு வந்ததில் எங்களுக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. தோட்டப் பாதை என்ற பெயரில் எந்த நூலகமும் கிடையாது. ஓஓ-9 என்று தேடுங்கள்: ஓஓ அளவு வண்டி, 9 மி.மீ. பாதை. 1:76-இல் 9 மி.மீ. என்பது நிஜத்தில் 684 மி.மீ. 1:87-இல் செய்தால் 783. இரண்டடி, இரண்டரை அடிச் சின்னப் பாதைகளுக்கு இவை பக்கத்தில் வருகின்றன. கேடிஎம் பாதை ஒரு மீட்டர் அகலம். 1:87-இல் அதற்கு 12 மி.மீ. பாதை வேண்டும், அது வேறு வகை.

என் கேஜ் துண்டும் 9 மி.மீ.தான், மலிவாகவும் கிடைக்கும். அதை வைத்து ஓட்டலாம், ஆனால் கட்டைகள் நெருக்கமாக, மெலிசாக இருப்பது கண்ணில் உறுத்தும். கட்டை மறையும்வரை மண்ணும் புல்லும் போட்டு மூடிவிட்டால் யாருக்கும் தெரியாது. தோட்டத்துப் பாதைக்குப் புல் முளைத்திருப்பதுதானே பொருத்தம். பாயிண்டின் அசையும் நாக்குப் பக்கம் மட்டும் மண் போகக் கூடாது.

ஓஓ-9 செட் வளைவு 9 அங்குல ஆரம், 228 மி.மீ. வட்டம் 456. உங்கள் பலகை அகலம் 610. இரு பக்கமும் 77 மி.மீ. கிடைக்கும், வண்டியின் உடல் வெளியே நீட்டினாலும் இடமுண்டு. பெட்டிகள் குட்டையாக இருக்கட்டும்.

மரத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பாதை வரையும்போதே முடிவாக வேண்டியது அது. செம்பனையை முக்கோணமாக, மரத்துக்கு மரம் சுமார் 9 மீட்டர் விட்டு நடுவது உங்களுக்குத் தெரியாததல்ல. 1:76-இல் அது 118 மி.மீ. பலகை முழுக்க நட்டாலும் 60 மரம்தான் அடங்கும். மென்பொருளில் தனி அடுக்கு ஒன்று திறந்து, 118 மி.மீ. முக்கோணப் புள்ளிகளை வைத்து, அதன்மேல் பாதையை வரையுங்கள். அப்போது பாதை நிரைக்கு நடுவே போகும்; மரம் தண்டவாளத்தில் நிற்காது. ஆலையில் குலைக் கூண்டுகள் அவிக்கும் கலனுக்குள் உருண்டு போகிற இடத்துக்கு, வரிசையாக நிற்கும் கூண்டுகளின் முழு நீளத்துக்கும் நேர்ப்பாதை வேண்டும். அதை முதலில் வைத்துவிட்டு, வட்டத்தை அதற்கேற்ப நகர்த்துங்கள். தலைகீழாகச் செய்தால் ஆலைக்கு மூலைதான் மிஞ்சும்.

கேள்வி: வரைபடம்போலவே போட்டு நன்றாக ஓடிய பாதை, சில மாதத்தில் ஒரு பாயிண்டில் மட்டும் தடம் புரள்கிறது. தகரக் கூரை அறை.
– தாமான் குடியிருப்பாளர்

பலகைதான் அசைந்திருக்கும். நேர்விளிம்பு அளவுகோலைப் பாயிண்டின்மேல் நிறுத்தி அடியில் வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். நிக்கல் சில்வர் தண்டவாளம் 20 பாகை சூட்டுக்கு மீட்டருக்கு 0.3 மி.மீ.தான் நீளும், ஈரத்தில் மரம் செய்யும் சேட்டை அதைவிடப் பெரிது. பிளைவுட்டின் இரு முகத்துக்கும், முக்கியமாக வெட்டிய ஓரங்களுக்கும், பெயிண்ட் அல்லது வார்னிஷ் கொடுங்கள். மேலே மட்டும் பூசினால் பலகை கிண்ணமாக வளையும். ஆணியைத் தலை அழுந்த அடிக்காதீர்கள். கட்டை நடுவில் அமுங்கி, தண்டவாளம் இரண்டும் உள்நோக்கிச் சாய்ந்து அகலம் குறையும்.

அடுத்த முறை மென்பொருளில் சட்டத்தின் குறுக்குக் கட்டைகளையும் ஓர் அடுக்கில் வரைந்துகொள்ளுங்கள். இரண்டு பலகை சேரும் கோட்டின்மேல் பாயிண்ட் வரக் கூடாது. பாயிண்ட் மோட்டார் குறுக்குக் கட்டைக்கு நேர் மேலேயும் வரக் கூடாது.

கேள்வி: மாணவர்களிடம் கைப்பேசி மட்டுமே உள்ளது. அதில் எதையாவது ஏற்ற முடியுமா?
– தமிழ்ப்பள்ளி ஆசிரியை

மேலே சொன்ன மூன்றும் கைப்பேசியில் ஓடாது டீச்சர். ஒரு மடிக்கணினியில் எக்ஸ்டிராக்கேட் ஏற்றி, துண்டுகளைப் பத்தில் ஒரு பங்கு அளவில் அட்டையில் அச்சிட்டு வெட்டிக் கொடுங்கள். 4-க்கு 8 அடிப் பலகை 122-க்கு 244 மி.மீ. ஆகி, ஒரு ஏ4 கட்டத்தாளுக்குள் அடங்கும். பிள்ளைகள் அதில் அடுக்கிப் பார்த்துத் தேர்ந்ததை மட்டும் கணினியில் வரைந்து சரிபார்க்கலாம். ஒரு குழுவுக்கு 45 பாகை வளைவு 16, நேர்த்துண்டு 16, பாயிண்ட் இடது 2, வலது 2 வெட்டுங்கள்.